பன்றிக் கொழுப்பும் முட்டையும் இல்லாத சீனப் பூரணப் பலகாரம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் காலை வேளையில் நடந்தால், வெங்காயம் பொரியும் வாசமும் எள் வறுபடும் வாசமும் கலந்து வரும் ஒரு சீனப் பலகாரக் கடையாவது வழியில் இருக்கும். அங்கே தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் பொன்னிற உருண்டைகளுக்குத் தௌசார் பியா என்று பெயர். ஹொக்கியன் மொழியில் தௌசார் என்றால் பயற்றுப் பூரணம்; பியா என்றால் மாவுப் பலகாரம். பினாங்கு முறையில் உள்ளே இருப்பது நாம் அன்றாடம் புழங்கும் பாசிப்பருப்புதான். அதை அவித்து, மசித்து, சர்க்கரையும் உப்பும் வெள்ளை மிளகும் பொரித்த சின்ன வெங்காயமும் சேர்த்துச் சுருளக் கிளறுகிறார்கள். சுழியத்துக்கும் மோதகத்துக்கும் பூரணம் கிளறிய கைக்கு இது புதிய வேலை அன்று. ஆனாலும் சைவ உணவுக்காரர்களும், பாலும் வேண்டாம் என்று நனிசைவத்துக்கு, அதாவது வீகன் உணவுக்கு வந்துவிட்டவர்களும் இந்தக் கடைகளைப் பார்த்தபடியே கடந்து போகிறார்கள். பழைய முறையில் இதன் மேல்மாவு பன்றிக் கொழுப்பில் பிசையப்படுகிறது. மேலே முட்டை பூசப்படுகிறது.

இந்தப் பலகாரங்களை முழுவதுமாக விலக்கத் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. சீனப் பூரணங்களில் பெரும்பகுதி பயறும் விதையும் கிழங்கும் காயும்தான். விலங்குப் பொருள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உள்ளே வருகிறது: மேல்மாவில் சேரும் கொழுப்பு, மேலே பூசும் முட்டை, பூரணம் கிளறும்போது ஊற்றும் கொழுப்பு. அந்தந்த இடத்தில் அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால், அதே வேலையைச் செய்யக்கூடிய தாவரப் பொருளை நாமே தேர்ந்தெடுத்துவிடலாம். புரிந்துகொள்ளாமல் கொழுப்புக்குப் பதில் எண்ணெய் என்ற அளவில் மாற்றினால் பிஸ்கட் கிடைக்கும், பியா கிடைக்காது.

கடையில் என்ன கேட்பது

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழர் வீட்டில் சைவம் என்றால் பாலும் நெய்யும் உண்டு, முட்டை இல்லை. சீனக் கடையில் ‘சாய்’ என்றால் இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்பதோடு, பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும்கூட இல்லை என்று பொருள். முட்டையும் பாலும் சேருமா என்பது கடைக்குக் கடை மாறும். வீகன் என்றால் பால், முட்டை, தேன் எதுவும் இல்லை, ஆனால் வெங்காயத்துக்குத் தடையில்லை. ஆகவே பொரித்த வெங்காயம் சேர்த்த, தாவர எண்ணெயில் செய்த பியா வீகனாக இருக்கும், ஆனால் சாய் ஆகாது. முட்டை பூசிய தாமரை விதைப் பியா சில கடைகளில் சாய் என்று விற்கப்படும், ஆனால் அது வீகனும் ஆகாது, நம் சைவமும் ஆகாது. நான் இங்கு வந்த புதிதில் ஒரு கடையின் சாய் பலகையை நம்பி ஒரு பெட்டி வாங்கி, பாதியைத் தின்ற பிறகுதான் மேற்புறத்தின் பளபளப்பு முட்டையால் வந்தது என்று அறிந்தேன். பலகையைப் பார்த்ததோடு நிற்காமல் கேட்டிருந்தால் கடைக்காரர் சொல்லியிருப்பார்.

சாய் மரபு இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குப் பௌத்தம் காரணம். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியாங் அரச மரபைச் சேர்ந்த வூ பேரரசர், பௌத்தத் துறவியர் இறைச்சியையும் மதுவையும் விட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன்பின் சீனத் துறவியர் உணவு வேரோடு மாறியது. இறைச்சியோடு நில்லாமல், காரமான ஐந்து பொருள்களையும் அந்த மரபு விலக்குகிறது. பூண்டும் வெங்காய இனங்களும் மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக நிற்பது நம் பெருங்காயம். வெங்காயம் சேர்க்காத சமையலில் அதன் இடத்தைப் பெருங்காயத்தால் நிரப்பும் நமக்கு இது வியப்பாக இருக்கும். சாய் உண்ணும் சீன நண்பருக்குப் பலகாரம் செய்து கொடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சந்திர மாதத்தின் முதல் நாளிலும் 15ஆம் நாளிலும் பல சீனக் குடும்பங்கள் சாய் உண்கின்றன. ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழாவின்போது பினாங்கில் கடைகளின் முன் மஞ்சள் கொடிகள் தொங்கும். கொழுப்பில்லாத பலகாரங்களைத் தேடத் தொடங்குவதற்கு இந்த நாள்களே ஏற்றவை. வழக்கமாகக் கொழுப்பில் பிசையும் கடைகளும் அப்போது தாவர எண்ணெய்க்கு மாறுவதுண்டு.

கடைக்காரரிடம் ‘இது வீகனா’ என்று கேட்பதால் பயன் குறைவு. பொருள்களின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மலாய் தெரிந்தால் போதும். லெமாக் பாபி என்றால் பன்றிக் கொழுப்பு, தெலூர் முட்டை, சூசு பால், மெந்தேகா வெண்ணெய், மாது தேன். ‘ஆன்ட்டி, இதில் லெமாக் பாபி இருக்கிறதா? மேலே தெலூர் பூசுகிறீர்களா?’ என்று தனித்தனியாகக் கேட்டால் தெளிவான விடை வரும். அதற்கு மேல் ஒரு கேள்வி உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே தூரிகையால்தான் மேற்பூச்சுப் பூசுகிறார்களா என்பதே அது. முட்டையில் தோய்ந்த தூரிகை சோயாப் பாலிலும் தோய்ந்தால், மாற்றுப் பொருள் பயன்படுத்தியும் பலனில்லை.

பெட்டியில் அடைத்து விற்பவற்றுக்கு மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் உதவுகின்றன. மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து பெற்ற பொருளோ, பன்றிக் கொழுப்போ இருந்தால் அதைச் சிட்டையில், அதாவது லேபிளில், சொல்லியாக வேண்டும். ஹலால் முத்திரை இருந்தாலும் பன்றிக் கொழுப்பு இல்லை என்று உறுதியாகக் கொள்ளலாம். ஆனால் அந்த முத்திரை முட்டையையும் பாலையும் பற்றி எதுவும் சொல்வதில்லை. மார்ஜரின் என்று கண்டவுடன் நிம்மதி அடையவும் கூடாது. சில மார்ஜரின்களில் பால் பொருள் கலந்திருக்கும்.

வாங்குவதற்கு எளிதானவை எவை என்றால், முதலிடம் கன்டோனிய முறை நிலா அப்பத்துக்குத்தான் (மூன்கேக்). அதன் மேல்மாவு சர்க்கரைப் பாகு, கடலை எண்ணெய், காரநீர் (சோடாப்போன்ற கார உப்பு கரைத்த நீர்), மைதா ஆகியவற்றால் ஆனது. பிறப்பிலேயே தாவரப் பலகாரம். உள்ளே வைக்கும் உப்பிட்ட வாத்து முட்டைக் கருவும் மேலே பூசும் முட்டையும் இல்லாமல் வாங்கினால் போதும். தாமரை விதைப் பூரணமும் பெரும்பாலும் கடலை எண்ணெயில் கிளறப்படுவதுதான். செம்பயற்றுப் பூரணத்தைக் கேட்டே வாங்க வேண்டும். அதைப் பன்றிக் கொழுப்பில் கிளறும் பழக்கம் உண்டு. கன்டோனியர் லோ போ பேங் என்று சொல்லும் மனைவி அப்பத்தின் உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகில் ஊறிய வெண்பூசணி, வறுத்த பசையரிசி மாவு, எள். காசி அல்வாவுக்கு நாம் துருவும் அதே பூசணி, ஆக்ராவின் பேட்டாவும் அதே பூசணி. பூரணத்தில் குறை இல்லை, மேல்மாவில்தான் கொழுப்பு. முட்டைத் தார்ட்டை மட்டும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். அதில் முட்டை மேற்பூச்சு அன்று, அதுவே பலகாரம். மாற்று செய்ய முடியும் என்றாலும் புதியவர்களுக்கு உகந்த இடம் அதுவல்ல.

வீட்டில் செய்வது: பூரணம்

இனி 24 தௌசார் பியாவுக்கான அளவைச் சொல்கிறேன். தோல் நீக்கிய பாசிப்பருப்பு 250 கிராமை நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, துணி விரித்த தட்டில் பரப்பி ஆவியில் 25 முதல் 30 நிமிடம் வேகவைக்க வேண்டும். குக்கரில் நீரூற்றி வேகவைத்தால் குழைந்து, பிறகு அந்த நீரை வற்றவைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் பருப்பு மாவாக உடைய வேண்டும். சூடாக இருக்கும்போதே மசித்துவிடுங்கள்.

சின்ன வெங்காயம் 100 கிராமை மெல்லியதாக, ஒரே கனத்தில் அரிந்து, 100 மில்லி கடலை எண்ணெயில் சிறு தீயில் பொரிக்க வேண்டும். நிறம் வெளிர்பொன்னாக மாறும்போதே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே ஒரு படி கருக்கும். கருகினால் பூரணம் முழுவதும் கசக்கும். இந்த எண்ணெய்தான் பன்றிக் கொழுப்பின் மணத்துக்கு மாற்று. கொழுப்பில் செய்த பியாவில் நாக்கு தேடும் ஊன்மணத்துக்கு நிகராக வேறொன்று வேண்டும் என்றால், வெங்காயம் பொரித்த எண்ணெயைவிட நல்லது எதையும் நான் காணவில்லை. சாய் உண்பவருக்காகச் செய்தால் வெங்காயத்தை விட்டு, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கலாம். சீனர் பயன்படுத்துவது வறுத்த எள்ளில் ஆட்டியது, மணம் கூடியது. நம் செக்கு நல்லெண்ணெயின் மணம் வேறு என்பதால் அளவைச் சுவைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அகன்ற வாணலியில் மசித்த பருப்பு, வடித்த வெங்காய எண்ணெயில் 70 மில்லி, சர்க்கரை 120 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைப் போட்டு நடுத்தரத் தீயில் கிளற வேண்டும். சர்க்கரை கரைந்ததும் கலவை முதலில் இளகும், அஞ்ச வேண்டாம். ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்த பிறகும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிளறி, பொரித்த வெங்காயத்தைச் சேர்த்து இறக்குங்கள். ஆறியதும் 25 கிராம் உருண்டைகளாக்கி மூடி வையுங்கள். உருண்டை உள்ளங்கையில் ஈரத்தை விட்டால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். அந்த நீர் ஓவனில் ஆவியாகி மேல்மாவைப் பிளக்கும்.

மேல்மாவு: இரண்டு மாவுகளின் கதை

தாள் தாளாகப் பிரியும் சீன மேல்மாவின் மர்மம் கொழுப்பின் பெயரில் இல்லை, இரண்டு மாவுகளின் உறவில் இருக்கிறது. ஒன்று நீர் மாவு: மைதா 240 கிராம், தூள் சர்க்கரை 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, கடலை எண்ணெய் 75 கிராம், நீர் சுமார் 105 கிராம். இதை எட்டுப் பத்து நிமிடம் பரோட்டா மாவைப்போல வழவழப்பாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட வேண்டும். மற்றொன்று எண்ணெய் மாவு: மைதா 150 கிராம், கெட்டிக் கொழுப்பு 75 கிராம். இதில் நீர் ஒரு துளியும் கூடாது. பிசையாமல், உள்ளங்கையால் தேய்த்துச் சேர்த்தால் போதும். நீர் மாவு இழுபடும், எண்ணெய் மாவு உதிரும். ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்துத் தேய்த்துச் சுருட்டும்போது இழுபடும் தாள்களுக்கிடையே உதிரும் தாள்கள் அமர்ந்து, ஒட்டாமல் காக்கின்றன. பேணி செய்பவர்கள் மாவுத் தாள்களுக்கிடையே அரிசிமாவும் நெய்யும் குழைத்துத் தடவுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அந்தக் கெட்டிக் கொழுப்பு எது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள், நானும் தவறினேன். வீட்டில் நல்ல தேங்காயெண்ணெய் இருக்கிறதே என்று, குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து எண்ணெய் மாவைப் பிசைந்தேன். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பினாங்கின் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். இரண்டாம் முறை சுருட்டும்போதே எண்ணெய் மூட்டுவாயில் கசிந்து கட்டையெல்லாம் வழுக்கியது. ஓவனில் வைத்ததும் அடிப்புறம் பொரிந்து, மேற்புறம் தாளே இல்லாத கெட்டி ஓடாகிவிட்டது. வெப்பமான ஊரில், கைச்சூட்டிலும் உருகாமல் நிற்கும் கொழுப்பு வேண்டும். பனை எண்ணெயிலிருந்து செய்யும், பால் கலவாத ஷார்ட்டனிங் அதற்குப் பொருந்தும். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் அது கட்டியாகக் கிடைக்கும். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் வனஸ்பதி வாங்குவதாக இருந்தால் டிரான்ஸ் கொழுப்பின் அளவைச் சிட்டையில் பார்த்து வாங்குங்கள். அங்கே 2022 முதல் அதன் உச்சவரம்பு 2 விழுக்காடு. ஷார்ட்டனிங் வேண்டாம் என்பவர்கள் எண்ணெய் மாவுக்கும் கடலை எண்ணெயையே, 70 கிராம் அளவில் பயன்படுத்தலாம். தாள்கள் மெல்லியதாகப் பிரியாமல் சற்று மணல்போல உதிரும், சுவையில் குறையிராது.

இரண்டு மாவுகளும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். காதுமடலைத் தொட்டு, பிறகு மாவைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே அந்த மென்மையில் இருந்தால் சரி. எண்ணெய் மாவு இளகியிருந்தால் பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கெட்டியாக இருந்தால், தேய்க்கும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்து நீர் மாவைக் கிழிக்கும்.

நீர் மாவை 18 கிராம் வீதமும் எண்ணெய் மாவை 9 கிராம் வீதமும் 24 ஆகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீர் மாவைத் தட்டி, நடுவில் எண்ணெய் மாவை வைத்து, மோதகம்போல மூடுங்கள். மூட்டுவாய் மேலே இருக்க, சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை தேய்த்து, நாக்கு வடிவில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்து, பாயைப்போலச் சுருட்டி, மூடி 15 நிமிடம் ஓயவிட வேண்டும். பிறகு சுருளை நீளவாக்கில் திருப்பி வைத்து மீண்டும் தேய்த்து, மீண்டும் சுருட்டி, மீண்டும் 15 நிமிடம். இந்த ஓய்வை யாரும் குறைக்க வேண்டாம். ஓயாத மாவு தேய்த்த இடத்துக்கே சுருங்கித் திரும்பும். வலுக்கட்டாயமாகத் தேய்த்தால் தாள் கிழிந்து, எண்ணெய் மாவு வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு சுருளைச் சோதனைக்காகக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் வெள்ளையும் மங்கல் மஞ்சளுமாக மெல்லிய வளையங்கள் தனித்தனியே தெரிந்தால் இனி கெட ஒன்றுமில்லை.

ஓய்ந்த சுருளின் நடுவே கட்டைவிரலால் அழுத்தி, இரண்டு முனைகளையும் நடுவுக்கு மடித்து உருண்டையாக்கி, ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுக் கனமாகவும் 8 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பூரணத்தை வைத்து, இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சுழற்றியபடி மேல்மாவை மெல்ல மேலேற்றி மூடுங்கள். கொழுக்கட்டைச் சொப்பை மூடும் அதே கையசைவு. மூட்டுவாய் அடியில் இருக்கத் தட்டில் வைத்து, மேலே இலேசாக அழுத்துங்கள்.

மேற்பூச்சும் சூடும்

முட்டை மேலே இரண்டு வேலை செய்கிறது: சிவக்கவைப்பது, பளபளக்கவைப்பது. சிவப்பதற்குப் புரதமும் சர்க்கரையும் போதும் என்பதால், சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரைப் பாகு ஒரு தேக்கரண்டி, கடலை எண்ணெய் அரைத் தேக்கரண்டி கலந்து பூசினால் முதல் வேலை நடந்துவிடும். மஞ்சள்தூளைக் கத்தி முனையளவு சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பியாவில் சாம்பார் வாசம் வரும். முட்டையின் கண்ணாடிப் பளபளப்பு இதில் வராது. அதை வரவழைக்கப் பாகைக் கூட்டினால் மேற்புறம் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். மங்கலான பொன்னிறமே இந்தப் பலகாரத்துக்கு அழகு என்று நான் கருதுகிறேன். வெள்ளை எள் தூவினால் அந்தக் குறையும் தெரியாது.

முன்கூட்டியே 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வேகவேண்டும். மேற்புறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஒன்றைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். நடுவில் வெளிறிய ஈர வட்டம் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். பக்கவாட்டில் விரலால் தொட்டால் தாள்கள் சரசரக்க வேண்டும்.

நிலா அப்பத்துக்கு உப்பிட்ட முட்டைக் கரு வேண்டும் என்று ஏங்குபவர்கள், இதே பாசிப்பருப்பு மசியலில் அவித்த பூசணியும் உப்பும் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பும் சேர்த்துச் சிறு உருண்டையாக்கி நடுவில் வைத்துப் பார்க்கலாம். கறுப்பு உப்பின் கந்தக மணம் முட்டையை நினைவூட்டும். தேவைதானா என்றால், எனக்கு வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டு பழகிய சுவையை விட்டுவிட்டு வந்தவர்களின் ஏக்கம் புரிகிறது.

அக்கம்பக்கத்துக் கடையிலேயே செய்து தரச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கேட்கலாம், ஆனால் பத்துப் பியாவுக்காகக் கேட்காதீர்கள். கடையில் மாவு பெரிய தொட்டியில் ஒரே முறையில் பிசையப்படுகிறது. உங்களுக்காகத் தனியே பிசைய வேண்டும் என்றால் ஒரு முழுத் தட்டாவது ஆர்டர் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சந்திர மாதத்தின் முதல் நாளுக்கோ 15ஆம் நாளுக்கோ, ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவையுங்கள். அந்த நாள்களுக்குக் கடையில் எப்படியும் தாவர எண்ணெய் மாவு இருக்க வாய்ப்புண்டு என்பதால், மேலே மட்டும் முட்டைக்குப் பதில் சோயாப் பாலைப் புதுத் தூரிகையால் பூசச் சொன்னால் போதும். காலை விற்பனை நெருக்கடியில் கேட்காமல், பிற்பகலில் அடுப்பு ஓய்ந்திருக்கும்போது போய்க் கேளுங்கள்.

செய்த பியாவை முழுதும் ஆறவிட்டுத் தகர டப்பாவில் அடைத்தால் நான்கு நாள் தாங்கும். சூட்டோடு மூடினால் ஆவி தாள்களை நமுத்துப்போகச் செய்யும். இரண்டாம் நாளில் பூரணத்தின் எண்ணெய் மேல்மாவுக்குள் ஊறி, முதல் நாளைவிடச் சுவை கூடியிருக்கும். நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஆறு நிமிடம் சூடாக்கி, எடுத்தவுடன் கடிக்காமல் பத்து நிமிடம் பொறுத்தால் தாள்கள் மீண்டும் மொறுமொறுப்பாகும்.